இளமையிற் கற்ற நூல்களும் முதிர்ந்த நோக்கும்

இளமையிற் பயின்ற நூலொன்றை நாற்பது வயதின் பின் மீண்டும் எடுத்துப் படிப்பவன் இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவே நிற்கின்றான். முன்னொருகால் அந்நூலைப் பற்றிச் சிறுவனாகத் தானே வழங்கிய தீர்ப்பு ஒன்று. இன்று தன் கல்வியும் அனுபவமும் வழங்கத் துடிக்கும் தீர்ப்பு மற்றையது. இவற்றுள் முன்னையது அறியாமையின் பாற்பட்டது, பின்னையதே நம்பத்தக்கது என்று கொள்வதே வழக்கம். அவ்வழக்கு முற்றும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலக் கட்டுரையாசிரியராகிய ஹாஸ்லிற் 1821 ஆம் ஆண்டிலே பழைய நூல்களைப் படித்தல் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பழகிய நூலிலே கிடைக்கும் உறுதி புதிய நூலிற் கிடையாதென்பதும், அந்நூலோடு அதனை முதன்முதற் படித்த நாளும் இடமும் கூடவே மீண்டு வருமென்பதும் அவர் கருத்து. ஆயின், அவர் பேசியவை தாமே விரும்பித் தேர்ந்த நூல்கள். பாடநூலோ மாணாக்கன் தேர்ந்ததன்று. பிரம்பும் பரீட்சையும் காவல் நிற்க அவன் கையிலே வைக்கப்பட்டது. அதனை அவன் மறந்திருந்தாலும் குற்றமில்லை. மறக்க முடியாதிருப்பதே வியப்பு.

மீண்டும் படிக்க வேண்டுமாயின் முதலில் நூல் கிடைத்தல் வேண்டும். பழைய பாடநூலைப் போல விரைந்து அழியும் நூல் வேறில்லை. மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்குப் போய், மட்டை கிழிந்து, இறுதியிற் சரை சுற்றுதற்கு உதவுவது அதன் இயல்பு. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1995 ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்விலே வீட்டு அலுமாரிகளிற் கிடந்தனவும் போயின. இன்று பழைய வாசகப் புத்தகமொன்றைத் தேடுபவர் பலர் 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திலேதான் அதனைக் காண்கின்றனர். அங்கே கிடைக்கும் பிரதி பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய பிரதி. ஓரத்திலே கிறுக்கியிருப்பது வேறொரு பிள்ளையின் கை. ஹாஸ்லிற் கூறிய நாளும் இடமும் அதிற் பாதியே திரும்பி வருகின்றன. இது இழப்பே எனினும், திறனாய்வாளனுக்கு ஒருவகையில் நன்மையுமாகும். நினைவின் துணை குறையக் குறைய, ஏட்டிலே உண்மையில் எழுதியிருப்பது யாது என்று பார்க்கும் கட்டாயம் அவனுக்கு உண்டாகின்றது.

அரிவரி வகுப்போடு தொடங்குதல் பொருந்தும். ஒளவையாரின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியன யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே சட்டம்பியார் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் மனனஞ் செய்தவை. கொன்றைவேந்தனின் 91 அடிகளையும் ஒரே மூச்சில் ஒப்புவித்த பிள்ளைக்கு அவற்றுள் ஒன்பதன் பொருளாவது விளங்கியிருக்குமா என்பது ஐயம். இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். எனினும், பொருள் விளங்காமற் புகுந்த அடி உள்ளே கிடந்து காத்திருக்கின்றது. ஆத்திசூடியில் ‘ங’ என்னும் எழுத்துக்குரிய அடியை எடுத்துக்கொள்க. அவ்வெழுத்திலே தொடங்கும் சொல் வழக்கில் இல்லை. நெடுங்கணக்கு வரிசையோ அதனை விட்டுவிட இடந்தராது. புலவர் யாது செய்தார்? அவ்வெழுத்தையே உவமையாக்கிவிட்டார். தான் ஒன்றே வழக்கிற் பயன்பட்டும் தன் இனத்தெழுத்துகளையெல்லாம் விடாது தழுவி நிற்கும் அவ்வெழுத்தைப் போல, சுற்றத்தைத் தழுவி வாழ்க என்பது உரையாசிரியர் கண்ட பொருள். சிறுவனுக்கு அது வாயிற் சுழலும் ஒரு வேடிக்கையான ஒலி. முதிர்ந்தவனுக்கோ, இலக்கண நெருக்கடியொன்றையே அறமாக மாற்றிய ஒரு புலமை அங்கே தெரிகின்றது.

ஆயின், மனனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இவ்வுலகிற் சாதி இரண்டேயென்றும், கொடுப்போர் உயர்ந்தோர், கொடாதார் தாழ்ந்தோர் என்றும் கூறும் வெண்பா நல்வழியிலே தொடக்கத்திலேயே வருகின்றது. அதனைப் பாடமாக்காத பிள்ளை அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அரிது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அதே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரலாமா என்பது பற்றிச் ‘சமாசனம்’ என்னும் பெயரிற் பெரும் பூசல் நிகழ்ந்தது. நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளையும் வாங்கிலே இருந்த பிள்ளையும் ஒரே வெண்பாவை ஒரே இராகத்தில் ஓதியிருப்பர். பாட்டு உரத்து ஓதப்பட்டது, படிக்கப்படவில்லை. முதிர்ந்தபின் அவ்வெண்பாவைப் பொருளோடு படிப்பவனுக்கு முதலில் தோன்றுவது இன்பமன்று, நாணம். அந்நாணம் நூலின் குறையால் வந்ததன்று என்பதையும் கூறுதல் வேண்டும். ஒளவையார் தெளிவாகவே சொல்லியிருக்கின்றார்.

சிறுவர் எல்லோரும் கேட்ட அளவில் விரும்பிய நூல் ஒன்று உண்டு. அது பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் ஆற்றின் உறக்கத்தைக் கொள்ளிக்கட்டையால் அறிய முயன்றதும், கரையேறியபின் எண்ணுபவன் தன்னை விட்டு எண்ணியதால் ஒருவன் ஆற்றோடு போனானென்று அழுததும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைக்கு வாங்கியதும் யார் நினைவை விட்டகலும்? சிறுவனுடைய தீர்ப்பு இங்கே ஐயத்துக்கிடமற்றது: இது சிரிப்புக் கதை. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன்னிலும் அறிவு குறைந்த பெரியோரைக் காண்பது போல மகிழ்ச்சி தருவது வேறில்லை.

முதிர்ந்தவன் அறிவதோ வேறு. இதனை எழுதியவர் 1680 இல் இத்தாலியிற் பிறந்த இயேசு சபைத் துறவியாகிய வீரமாமுனிவர்; தேம்பாவணி பாடியவர், 1732 இற் சதுரகராதி தொகுத்தவர். மடத்துக் குருவையும் சீடரையும் நகையாடும் கதையைக் கிறித்தவப் பாதிரியார் ஒருவர் எழுதினார் என்று அறிந்தவுடனே, சைவச் சூழலில் வளர்ந்த வாசகனுக்குத் தன் பழைய சிரிப்பு சற்றுக் கசக்கின்றது. தான் யாரைப் பார்த்துச் சிரித்தான்? இக்கசப்பைப் பொய்யென்று தள்ளுதல் நேர்மையாகாது. எனினும், அதனையே முடிவாகக் கொள்வதும் அவசரம். தன்னை விட்டு எண்ணும் மூடரின் கதை இங்கிலாந்திலே கோதம் என்னும் ஊரார்மேல் ஏற்றிச் சொல்லப்படுகின்றது. குதிரை முட்டைக் கதையும் பல நாடுகளில் உலாவுவது. ஆகவே முனிவர் ஊர்ஊராய்த் திரிந்த மூடர் கதைகளுக்குத் தமிழ் உடை அணிவித்தார் என்பதே பொருந்தும். அவ்வுடை குருவின் உடையாக அமைந்தது தற்செயலன்று என்பாரும் உளர், அதனை மறுப்பதற்குமில்லை.

இதனினும் சுவையான செய்தி பிறிதொன்று. தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார் மக்கள் வழக்கிலுள்ள வசனத்தைப் பயிலும்பொருட்டு, இலத்தீன் மொழிபெயர்ப்போடு அமைக்கப்பட்ட நூல் இது. 1822 ஆம் ஆண்டிலே பெஞ்சமின் பாபிங்ரன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு இதனை இலண்டனில் அச்சேற்றியபோதும், தமிழ் கற்கும் ஆங்கிலேயரே பெரிதும் அவர் மனத்திலிருந்தனர். அஃதாவது, தமிழ்ப் பிள்ளைகள் விளையாட்டாய்ப் படித்து மகிழ்ந்த இக்கதை உண்மையில் ஒரு பாடநூல்! வாங்கிலிருந்து அதனைக் கற்ற முதல் மாணாக்கர் தாடி நரைத்த அந்நியர். அவர்களுள் யாருக்கேனும் அது பரீட்சைப் புத்தகமாகிக் கசந்ததோ என்னவோ.

மீண்டும் படிக்கும்போது மனத்திற் பதிவது ஆற்றைக் கடந்ததோ குதிரை முட்டையோ அன்று. சீட்டு எழுதிய பகுதி. குதிரைமேற் செல்லும் குருவின் தலைப்பாகை விழுகின்றது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர் நடக்கின்றனர். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டுமென்று குரு கடிந்துகொள்ள, குதிரையின் இலத்தியையும் தலைப்பாகையில் ஏந்திக் கொணர்கின்றனர். இனி எவற்றை எடுக்கலாம், எவற்றை எடுக்கலாகாது என்று ஓலையில் எழுதித் தருமாறு கேட்டுப் பெறுகின்றனர். பின்பு குருவே குழியில் விழுகின்றார். ஓலையைப் படித்துப் பார்த்து, அதிற் கண்டபடி அவருடைய ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்தெடுத்துக்கொண்டு, அவரை மட்டும் குழியில் விட்டுவிடுகின்றனர். அவர் பெயர் ஓலையில் இல்லை. தம்மையும் எடுக்கலாமென்று குழியிற் கிடந்தபடியே அவர் எழுதிக் கொடுத்த பின்னரே தூக்கிவிடுகின்றனர்.

சிறுவன் இவ்விடத்திற் சீடரைக் கண்டு சிரித்தான். சுற்றறிக்கைகளுக்கும் பாடத்திட்டக் குறிப்புகளுக்கும் நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவன் அவ்வாறு சிரித்துவிட்டுப் போக முடிவதில்லை. அச்சீடரிடம் தீமை ஒரு துளியும் இல்லை. குருமேல் அவர்கள் கொண்ட பத்தி குறைவற்றது, எழுத்தறிவும் உண்டு. எழுதியதை எழுதியபடியே செய்கின்றனர். அதனாலேயே கதையின் இறுதியில், அவர் இறந்துவிட்டாரென்று நம்பி, நீராட்டியே அவரை உயிரிழக்கச் செய்கின்றனர். இம்முடிவை இளமையிற் படித்ததாக நினைவு கூர்வோர் சிலரே. சிரிப்பைக் காக்கும்பொருட்டு நினைவு அதனை விழுங்கிவிடுகின்றது போலும். ஏட்டிலோ அது இருக்கின்றது. இந்நூல் சமய நிந்தையா அன்றா என்னும் பழைய வழக்கைவிட, அறிவில்லாப் பத்தியும் அன்பில்லா எழுத்தறிவும் ஒன்று சேர்ந்தால் யாது விளையும் என்று அது காட்டுவதே பெரிது. அந்நோய் எந்த மடத்துக்கும் எந்தச் சபைக்கும் எந்தப் பாடசாலைக்கும் வரக்கூடியது.

பாபிங்ரன் அந்நூலை அச்சிட்ட 1822 ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். வெறும் ஒற்றுமையே, ஆயினும் நினைக்க இனியது. மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர் நாவலர். பிள்ளைகளின் மனத்தை வாசகப் புத்தகம் எவ்வளவு ஆழமாகப் பற்றுமென்பதை அவர் கண்டது அங்கேதான். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அச்சியந்திரமும் நிறுவி, படிமுறையாக அவர் வெளியிட்ட பாலபாடங்கள் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாயின.

பாலபாடத்தைப் பற்றிச் சிறுவர் வழங்கிய தீர்ப்பு என்ன? பொதுவாக அது அச்சம் கலந்த மரியாதை. நான்காம் புத்தகத்திலே கொலை, களவு, பொய், கள்ளுண்ணல், சூது, அழுக்காறு, கோபம் என்று தலைப்புகள் நிரையாக நிற்கின்றன. குற்றமும் அதன் பயனாகிய துன்பமும் கடுமையாகக் கூறப்படுகின்றன. களவென்றாற் பக்கத்து வளவு மாங்காயே என்றிருந்த பிள்ளைக்கு நரகத் துன்பம் மிகையாகத் தோன்றியிருத்தல் இயல்பே. கதையில்லை, வேடிக்கையில்லை, படமில்லை. பரமார்த்த குருவை ஒளித்து வைத்துப் படித்தவன் பாலபாடத்தை அடிக்குப் பயந்தே படித்தான்.

முதிர்ந்து படிக்கும்போது இத்தீர்ப்பு தலைகீழாகின்றது. உள்ளடக்கத்தினால் அன்று, வசனத்தினால். நாவலருக்கு முன்னிருந்த தமிழ் வசனம் பெரும்பாலும் உரைகாரருடையது. செய்யுளின் துணையின்றி நடக்க அஞ்சுவது. எச்சங்களை அடுக்கி அடுக்கி ஒரு பக்கம் கடந்த பின்னரே முற்றுப்பெறுவது. பாலபாடத்திலோ வாக்கியம் தன் காலில் நிற்கின்றது. ஒரு பொருளுக்கு வரைவிலக்கணம் கூறி, அதன் விளைவை விரித்து, வாசகன் எழுப்பக்கூடிய தடையைத் தானே வினாவாக எழுப்பி விடைகூறிச் செல்கின்றது. சந்திகள் பிள்ளையின் வாய்க்கேற்பப் பிரிக்கப்பட்டுள்ளன. குறியீடுகள் மூச்செடுக்க வேண்டிய இடத்தை மட்டுமன்றிச் சிந்தனை திரும்பும் இடத்தையும் காட்டுகின்றன. முதற் புத்தகத்தின் சிறு வாக்கியங்களிலிருந்து நான்காம் புத்தகத்தின் விரிந்த வாக்கியங்களுக்குச் செல்லும்போது, ஒரு மொழி நடைபயிலுவதையே காண்கின்றோம். பரிதிமாற் கலைஞர் நாவலரை வசனநடை கைவந்த வல்லாளர் என்று போற்றியது பெரியபுராண வசனம் முதலியவற்றை நோக்கிப் போலும். ஆயின், அவ்வல்லமையின் எலும்புக்கூட்டைக் காண விரும்புவோர் பிள்ளைகளின் புத்தகத்தையே பார்த்தல் வேண்டும். ஐம்பது சொற்களுக்குள் ஒரு கருத்தை நிறுத்தத் தெரிந்தவரே ஐந்நூறு சொற்களில் அதனை ஓட்ட வல்லவர்.

இவ்வளவும் கூறியபின், கசப்பான ஒன்றையும் கூறாமல் விடுதல் முகமனாகும். அதே புத்தகத்திற் கற்பைப் பற்றிய பகுதியில், பெண் கணவனைத் தெய்வமாகக் கொண்டு ஒழுகவேண்டிய முறை விதிக்கப்படுகின்றது. அதற்கு ஈடாக ஆணுக்கு விதிக்கப்படும் கடமை அத்துணை விரிவாக இல்லை. நாவலருடைய நூல்களிற் சாதி வேற்றுமையை ஏற்று எழுதப்பட்ட இடங்களும் உள. நல்வழிக்கு உரை வகுத்தவரும் அவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. இத்தகைய இடங்களைச் சிறுவர் கடந்து சென்றனர். அவை அவர்களுக்கு உலகம் இருந்தபடியே இருந்ததாகத் தோன்றின. முதிர்ந்த வாசகனுக்கு அவ்வாறு கடக்க உரிமையில்லை. சிலர் இவற்றை எடுத்துக் காட்டி நூலையே ஒதுக்குகின்றனர். வேறு சிலர் அக்காலம் அப்படி என்று கூறி அமைகின்றனர். இரு சாராரும் செய்யாதது ஒன்று: அதே ஆசிரியருடைய வசனத்தைக் கொண்டே அவரோடு வழக்காடுதல். வினாவெழுப்பித் தடைகூறி விடைகாணும் முறையைப் பிள்ளைக்குப் பயிற்றியவர் அவர். அம்முறையைக் கற்ற மாணவி ஒருத்தி கற்பைப் பற்றிய பகுதிக்கு முன் அதே வினாவை எழுப்பினால், அவள் பாலபாடத்தை மற்றெவரினும் நன்கு கற்றவளாவாள். மறுபதிப்புச் செய்வோர் இப்பகுதிகளைச் சொல்லாமற் கொள்ளாமல் நீக்கிவிடுவதைக் காட்டிலும், அவற்றை இருந்தபடி அச்சிட்டு, மேல்வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் வாதிக்க விடுவதே தக்கது.

இனி, இவ்வாராய்ச்சியைக் குலைக்கத்தக்க ஐயம் ஒன்று உண்டு. பழைய நூலிற் காணும் இனிமை நூலின் இனிமைதானா? அல்லது இழந்த இளமையின் இனிமையை நூலின்மேல் ஏற்றிக் காண்கின்றோமா? சோதித்துப் பார்க்க நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் மிகப் பொருத்தமானது. 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அப்புலவரின் பிள்ளைப் பாடல்களை அறியாத யாழ்ப்பாணத்தார் இலர். 1983 இன் பின் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சென்று குடியேறியோர் ஆடி மாதத்தில் இப்பாடலைக் கேட்டுக் கண்கலங்குதல் யாவரும் அறிந்ததே. அக்கண்ணீரைக் கொண்டு பாடலை மதிப்பிடலாமா? பனை வடலியும் வீட்டு முற்றமும் போனமைக்காக அழுபவர் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அழுவார் அல்லரோ?

பாடலை மீண்டும் நிதானமாகப் பார்த்தால் விடை கிடைக்கின்றது. அதில் இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பயறு வறுப்பது முதல் மா இடித்துத் தெள்ளுவது, தேங்காய் துருவுவது, பனங்கட்டி சேர்ப்பது, கொழுக்கட்டை அவிப்பது, கூழ் துழாவுவது ஈறாக, சமையல் வேலை எல்லாம் முறை பிறழாது சொல்லப்படுகின்றது. சிறுவன் அப்பட்டியலிற் கூழையும் கொழுக்கட்டையையுமே கண்டான். அத்தனை வேலையையும் அடுப்படியில் நின்று செய்பவள் அம்மா என்பதும், பிள்ளைகளின் பங்கு பலாவிலை பொறுக்கிக் கோலுவது மட்டுமே என்பதும் முதிர்ந்தவன் கண்ணிற் படுகின்றன. அதனினும் நுட்பமானது பாடலின் காலம். பாடல் பண்டிகை நாளிற் பாடப்படவில்லை, முதல்நாட் பாடப்படுகின்றது. நாளை விடுதலை என்று பிள்ளைகள் தம்முட் கூவுகின்றனர். முற்றாக வரும் வினைகள் பெரும்பாலும் எதிர்காலத்தன: அவிப்பாள், துழாவுவாள், படைப்போம், குடிப்போம். கூழ் இன்னும் அடுப்பேறவில்லை.

இலக்கண ஆசிரியர் ஒருவர் கரும்பலகையிற் காட்டத்தக்க இச்சிறு உண்மையே முதிர்ந்தோர் கண்ணீருக்குப் பாடலுக்குள்ளேயே அமைந்த காரணம். இறந்தகாலத்தில் எழுதியிருந்தால் அது நினைவுப் பாட்டாகி, நினைவுள்ளோருக்கு மட்டுமே உரியதாகியிருக்கும். எதிர்காலத்தில் நிற்பதனால், ஆடிப்பிறப்பு இன்று பொது விடுமுறைநாளாக இல்லாத நாட்டிலும், பலாவிலை காணாத ஊரிலும், அதனைப் பாடும் பிள்ளைக்கு அடுத்த நாள் கூழ் வரவே செய்கின்றது. அருகிலிருந்து கேட்கும் தகப்பனுக்கு அது வருவதில்லை.